பகிடிக்குப் பிறகு வரும் கை

1

நோர்வேயின் வடக்கில் நான் இருக்கும் ஊருக்கும் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு துண்டுக் கடல் கிடக்கிறது. காலையும் மாலையும், பாதை என்று எங்கள் ஊரில் சொல்லும் மிதவைப் படகில் அதைக் கடக்கிறேன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல மடங்கு பெரிதாக்கி, கண்ணாடி அடைத்து, சூடேற்றி, உள்ளே கோப்பியும் விற்றால் எப்படி இருக்குமோ அப்படி. கரையை அண்டியதும் இரும்புத் தட்டு தானாக இறங்கித் தரையில் பொருந்தும். பதிவுசெய்த குரல் ஒன்று காலடியைக் கவனிக்கும்படி பணிவாகச் சொல்லும். ஏறும்போதும் இறங்கும்போதும் யாரும் யாரையும் தொடுவதில்லை.

சென்ற வாரம் இந்த வருடத்தின் முதல் பனி விழுந்தது. தட்டு வழுக்கியது. எனக்கு முன்னால் போன வயதான மனிதர் ஒருவர் தடுமாறினார். என் கை யோசிக்காமல் நீண்டுவிட்டது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நன்றி, நானே சமாளிப்பேன் என்று புன்னகையோடு சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதில் பிழை ஒன்றும் இல்லை. இங்கே அதுதான் மரியாதை.

ஆனாலும் நீட்டிய கையை மடக்கிக் குளிர்ச்சட்டைக்குள் வைக்கும்போது நல்லதம்பி மாமாவின் நினைவு வந்தது. அம்மாவின் தமையன் அவர். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்தில் நடந்தவற்றை ஊரில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக எங்கள் இறங்குதுறையில் போனும் கையுமாக நிற்கும் தம்பிமாருக்கு, எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

2

நான் அனலைதீவில் பிறந்தவன். ஊர்காவற்றுறையிலிருந்து படகு வரும். கடல் வற்றிய நேரங்களில் படகு கீழேயும் துறை மேலேயும் நிற்கும். நடுவில் ஒரு எட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. மேலே நிற்பவர் யாராவது கை கொடுத்தால்தான் ஏறலாம்.

யார் யாருக்குக் கை கொடுப்பது என்பதில் எங்கள் துறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. குழந்தைகளை யாரும் தூக்குவார்கள். பெண்களுக்குப் பெண்கள். மச்சானுக்கு மச்சான் வரவேண்டும். அப்படி வருகிற மச்சானுக்கு ஓர் உரிமையும் உண்டு. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஒரு பகிடி விடலாம். படகில் நிற்பவர் பதில் சொல்லும்வரை கை வராது. பதில் சொன்ன கணமே கை வந்துவிடவேண்டும். பதில் எவ்வளவு கூராக இருந்தாலும் மேலே நிற்பவர் கோபிக்கக்கூடாது. செத்த வீட்டுக்குப் போய் வருகிறவரை மறிக்கக்கூடாது. சம்பந்தி வீட்டார் கூடவே வந்தால் மறிக்கக்கூடாது. இவற்றை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பார்த்துத்தான் வந்தது.

அப்பா புகையிலைத் தோட்டக்காரர். ஒருமுறை யாழ்ப்பாணம் போய்ப் புதுச் சட்டையோடு திரும்பினார். மேலே மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆரிது புது மாப்பிள்ளை? பொம்பிளை வீடு எந்தப் பக்கம்?"

"உன்ர வீட்டுப் பக்கம்தான். ஒரு தங்கச்சியைத் தந்து என்னை ஏமாத்தினது காணாதோ? இன்னும் ஆரும் மிச்சம் இருக்கினமோ?"

துறையே சிரித்தது. அப்பாவுக்குப் பின்னால் படகில் நின்ற அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவின் கை அந்தச் சிரிப்புக்குள்ளேயே இறங்கி அப்பாவை மேலே தூக்கிவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஒப்பம் வைக்க வராது, பெருவிரல்தான். நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட காலை மாமா அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், இனி உன்ர பெருவிரலுக்கு வேலையில்லை. வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவ மட்டும் வைச்சுக்கொள்." அப்பா சிரித்தார். சிரித்தபடியே சால்வையால் கண்ணைத் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

வளாகத்தில் முதல் வாரத்திலேயே பகிடி என்ற சொல்லுக்குப் பின்னால் வதை என்று இன்னொரு சொல் ஒட்டியிருப்பதைக் கண்டேன். தீவான் என்று அழைத்து, கதிரையில் ஏற்றி, படகு ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நானும் துறையில் வளர்ந்த பழக்கத்தில் பதில் பகிடி ஒன்று விட்டேன். அறை விழுந்தது. பதில் சொல்லக்கூடாத பகிடி ஒன்று உலகத்தில் உண்டு என்பதை நான் படித்தது அங்கேதான். கதிரையிலிருந்து இறங்கும்போது யாரும் கை தரவில்லை.

3

அப்பா தோட்டத்தில் விழுந்த செய்தி வந்தபோது எனது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கணினியில் பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வசனம். வெளியே போனால் திரும்பி வர ஏலாது. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் அன்பானவர். அப்பாவின் நிலைக்கு வருந்தினார். பிறகு அதே வசனத்தைத் தன் குரலில் சொன்னார்.

ஆகவே அப்பா ஆசுப்பத்திரியிலிருந்து படகில் வீடு திரும்பியதை நான் அம்மாவின் போனில் கேட்கத்தான் முடிந்தது. வலது கையும் காலும் இழுத்திருந்தன. பேச்சு இல்லை. கதைக்க வையுங்கோ, பிழைபிழையாக் கதைச்சாலும் பரவாயில்லை, கதைக்காமல் மட்டும் விட்டிடாதையுங்கோ என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அம்மா அன்பாகக் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்கு ஏலாமல் போனதை யாரும் அறியக்கூடாது என்ற வீம்பு.

படகு துறையை அண்டியது. போனில் அலைச் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல்.

"ஆரிது? எங்கட ஊராள் மாதிரிக் கிடக்கு. பேரைச் சொன்னால்தான் கை."

துறை அடங்கிப்போனது. "அண்ணை, உனக்கென்ன விசரே!" என்று அம்மா கத்தினார். மாமா விடவில்லை. "நீ சும்மா இரு. இது எனக்கும் மச்சானுக்கும் உள்ள கதை. என்ன மச்சான், ஆசுப்பத்திரியில நாக்கை மறந்து வைச்சிட்டு வந்திட்டியோ?"

படகு துறையோடு உரசும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து எதையோ இழுத்து வெளியே போடுவதுபோல ஒரு சத்தம். "பொ... பொ... பொறடா."

கொஞ்சம் பொறு என்ற அந்த அதட்டல்தான் வாதத்துக்குப் பிறகு அப்பா பேசிய முதல் சொல். நான் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வெள்ளைத் தொப்பியோடு நின்று அழுதேன். கூட வேலை செய்பவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

அதன் பிறகு மாதாமாதம் கிளினிக் போய்வரும்போதெல்லாம் மாமா துறையில் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பகிடி, ஒரு மறிப்பு. அப்பா ஒவ்வொரு முறையும் பதிலோடு வந்தார். அந்தப் பதிலைப் படகில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்ப்பார் என்று அம்மா சொன்னார். ஒரு சொல் இரண்டாகி, இரண்டு மூன்றாகிக்கொண்டிருந்தது.

4

எனது அக்கா வதனி கலியாணம் முடித்து இங்கே வந்து நெடுங்காலம். அக்காவின் வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன். அவளுடைய மூத்த மகன் ஆதிக்குப் பதினாறு வயது. கெட்ட பிள்ளை இல்லை. யாரையும் கேலி செய்யக்கூடாது, பட்டப்பெயர் சொல்லி அழைக்கக்கூடாது என்று இங்கே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். அவனும் வகுப்பில் அப்படித்தான் நடக்கிறான். ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் காதுக்குள் இருப்பதைக் கழற்றாமல் புருவத்தை மட்டும் உயர்த்துவான். அவனைப் பொறுத்தவரை அதுவே வணக்கம்.

எனக்கும் இந்த ஊர்ப் பகிடி முழுதாகப் பிடிபட்டதில்லை. வந்த புதிதில் ஒரு கிழமை விடாமல் மழை பெய்தது. வேலைத்தலத்தில் ஒருவன், உன் நாட்டிலிருந்து கொண்டுவந்தாயா என்று கேட்டான். நான் பருவக்காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசும் என்று தீவிரமாக விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு நன்றி சொன்னான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பகிடி என்று விளங்கியது. ஆகவே, எது பகிடி, எது அவமதிப்பு என்று ஆதிக்கு விளங்காததை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கோடை விடுமுறைக்கு அக்கா குடும்பம் ஊருக்குப் போனது. ஒரு கிளினிக் நாளில் ஆதி துறையில் நின்று வீடியோ எடுத்தான். மாமா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அப்பா படகில் வாய் கோணி, எச்சில் வழிய, "பொ... பொ..." என்று திணறுகிறார். அதற்குச் சிரிப்புச் சத்தமும் பாட்டும் சேர்த்துப் பொதுவெளியில் போட்டுவிட்டான்.

இரண்டு நாளில் அது எங்கெல்லாமோ போய்விட்டது. முகம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். முகம் தெரியாத வேறு சிலர், ஏலாத மனிசனைச் சித்திரவதை செய்யும் கிழவன் என்று மாமாவைத் திட்டினார்கள். ஊர் இளந்தாரிகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. படகு அண்டும்போதெல்லாம் மதிலில் குந்தியிருந்து "பொ பொ பொறடா!" என்று கோரசாகக் கத்தினார்கள்.

மாமாவிடம் வீடியோ காட்டும் போன் இல்லை. யாரோ தங்கள் போனில் காட்டியிருக்கிறார்கள். முழுவதையும் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"உதில என்ர கையைக் காணேல்லை?"

உண்மைதான். வீடியோ அப்பாவின் திணறலோடு முடிந்தது. மாமாவின் கை இறங்குவதும், அப்பா அதைப் பற்றி மேலே வருவதும், இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் அதில் இல்லை.

அக்கா குடும்பம் திரும்பி வந்த பிறகு ஆதியிடம் கேட்டேன்.

"நான் அம்மப்பாவை நக்கலடிக்கேல்லை, மாமா. கையைக் கட்டிக்கொண்டு நிண்ட அந்தத் தாத்தாதான் நக்கலடிச்சவர். நான் எடுத்தது மட்டும்தான்."

"கடைசித் துண்டை ஏன் வெட்டினனீ?"

யோசித்தான். "அதுக்குப் பிறகு சிரிப்பு ஒண்டும் இல்லையே. ஆக்கள் அவ்வளவு நேரம் பாக்க மாட்டினம்."

அவன் பொய் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை.

5

அடுத்த கிளினிக் நாளில் மாமா துறைக்கு வந்தார். கையைக் கட்டவில்லை. படகு அண்டுமுன்னரே நீட்டிக்கொண்டு நின்றார். "மெல்ல வாங்கோ, பாத்து, பாத்து," என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அப்பாவை மரியாதையாக அழைத்திருக்கிறார். அப்பா அந்தக் கையைப் பிடித்து மேலே வந்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பதில் வாய்க்குள்ளேயே கிடந்தது. மதிலிலிருந்து கோரஸ் கேட்டது. இருவரும் அதைக் கேட்காதவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவிடமும் இல்லை, போனில் என்னிடமும் இல்லை. பழகிய சொற்களும் போய்விடும், கவனம் என்று டாக்குத்தர் அம்மாவை எச்சரித்தார்.

அம்மா தமையனின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்த பேச்சைப் பிறகு எனக்கு அப்படியே சொன்னார்.

"அண்ணை, நீ மரியாதை குடுக்கத் தொடங்கின நாளிலயிருந்து அந்த மனிசன் வாய் திறக்கேல்லை. ஒரு பகிடி விடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"எனக்கு வருகுதில்லைப் பிள்ளை."

"ஆரோ பேர் ஊர் தெரியாததுகள் சொன்னதுக்கே?"

"அதுகள் சொன்னதைப் பற்றி இல்லை. நான் வாயைத் திறந்தால் அத்தனை போனும் எழும்பும். என்ர வாயால மச்சானை இன்னொருக்கால் ஊருக்குச் சிரிப்பாக்க ஏலாது."

கட்டின புருசனை நக்கலடிக்கச் சொல்லி ஒரு பெண் கும்பிட்டு நின்றதும், அதற்கு ஒரு மனிதர் மறுத்ததும் எங்கள் ஊரில் முன்னர் நடந்திருக்காது.

இங்கே ஆதி வீடியோவை அழித்துவிட்டான். பிரதி எடுத்துப் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினான். சிலர் நீக்கினார்கள். சிலர் அவனுடைய தமிழைப் பிடித்து நக்கலடித்தார்கள். மாமாவுக்கு போன் எடுத்தான். "ஓம் தம்பி, சரி தம்பி, நல்லாப் படியுங்கோ தம்பி," என்று அவர் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

"தாத்தா என்னைப் பேசேல்லை, மாமா," என்று சொல்லும்போது அவனுடைய குரல் உடைந்தது. "ஏன் பேசேல்லை?"

அவர் திட்டியிருந்தால் அவன் தப்பியிருப்பான். அதைச் சொல்லாமல் பக்கத்தில் இருந்தேன். எனது அனுமதி வந்துவிட்டது, ஆனால் லீவு மார்கழியில்தான். அதுவரை அப்பாவின் வாய் பொறுத்திருக்குமா என்பதே எங்கள் வீட்டில் எல்லோருடைய யோசனையுமாக இருந்தது.

6

நான் நீட்டிய கை அந்தரத்தில் நின்ற அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் குசினியில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார். அக்கா போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போட்டு வந்தனாங்கள். போட் அண்டினது. கடல் நல்ல வத்து. அண்ணை வழக்கம்போலக் கையை நீட்டினார். இவர் பிடிக்கேல்லை."

"ஏனம்மா?"

"பொறன், சொல்லவிடு. நல்ல கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால வைச்சுக்கொண்டு நிண்டிட்டார். போட் ஆடுது. விழுந்தால் என்ன கதி? நான் பின்னால இவரின்ர இடுப்புச் சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். போட்காரப் பெடியன் 'ஐயா இறங்குங்கோ, ஆக்கள் நிக்கினம்' எண்டு கத்துறான். இவர் அசையேல்லை. அண்ணையின்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறார். உன்ர பகிடி வராமல் நான் இறங்கமாட்டன் எண்ட மாதிரி."

அக்கா சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றாள்.

"மதிலில இருந்தவங்கள் போனைத் தூக்கினவங்கள்தான். 'பொ பொ' எண்டு ஒருத்தன் தொடங்கினவன். இவர் திரும்பியும் பாக்கேல்லை. ஆர் வேணுமெண்டாலும் பாருங்கோ எண்டு நிண்டார். பிறகு அந்தப் பெடியனும் அடங்கிப்போனான்."

"மாமா?"

"அண்ணைக்குக் கண் கலங்கிப்போச்சு. நீட்டின கையை மெல்ல மடக்கினார். தானும் முதுகுக்குப் பின்னால கட்டினார். ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கினம், நடுவில தண்ணி. கொஞ்ச நேரத்தால சொன்னார், 'என்ன மச்சான், இறங்க மனமில்லையோ? நேர்ஸ்மாரோடயே இருக்கிறதெண்டால் இப்பவே சொல்லு. நான் தங்கச்சிக்கு வேற இடம் பாக்கவேணும்' எண்டு."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். ஒரு வருடமாக நாங்கள் கேட்காத சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் விக்கலும் வந்தது.

"அப்பா?" என்று நானும் அக்காவும் ஒன்றாகக் கேட்டோம்.

"சொன்னார். எழுத்து எழுத்தா இழுத்துச் சொன்னார், வேர்த்து ஒழுகிச்சு. ஆனால் முழு வசனம். ஜெற்றித்துறை முழுக்கக் கேட்டுது. அவர் முடிக்கவும் அண்ணையின்ர கை இறங்கிச்சு."

மேசையின் மறுபக்கத்தில் ஆதி காதுக்குள் இருந்ததைக் கழற்றி எப்போதோ கீழே வைத்திருந்தான். வீடியோ இருக்கிறதா என்று கேட்பான் என நினைத்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"அம்மம்மா, அம்மப்பா என்ன சொன்னவர்?"

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"நீயும் உதில இருக்கிறியோ?"

"ஓம்."

"அது மச்சானுக்கு மச்சான் சொன்னது. பேரப்பிள்ளைக்குச் சொல்லக்கூடிய சொல்லில்லை." பிறகு குரல் கொஞ்சம் இளகியது. "கேக்க வேணுமெண்டால் உன்ர மாமாவோட மார்கழிக்கு வா. ஒரு நாள் நீ ஜெற்றியில நிண்டு அம்மப்பாவை இறக்கு. இறக்கிப்போட்டு அவரிட்டையே கேள்."

ஆதி போனுக்குக் கிட்டக் குனிந்தான்.

"அம்மப்பா என்ர கையைப் பிடிப்பாரோ?"

 பின்னணியில் யாரோ செருமுவது கேட்டது. அப்பாவாகத்தான் இருக்கவேண்டும்.

"பிடிப்பார்," என்றார் அம்மா. "பிடிக்க முதல் ஏதும் சொல்லுவார். தாங்கிக்கொண்டு நில்."